ஒரு எல்இடி எரிய எத்தனை வாட் தீ வேண்டும்?

என் மேசையில் ஒரு ஸ்டர்லிங் எஞ்சின் இருக்கிறது. சோதனைக்குழாய், கண்ணாடி சிரிஞ்ச், சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, பழைய ஹார்ட் டிஸ்க்கின் தட்டு என்று கிடைத்ததையெல்லாம் வைத்து நானே செய்தது. நன்றாக ஓடும் நாளில் சுமார் 40 மில்லிவாட் மின்சாரம் தரும். இரண்டு சிவப்பு எல்இடிகள் எரிய அது போதும். கீழே எரியும் ஸ்பிரிட் விளக்கு மணிக்குச் சுமார் 15 மில்லி குடிக்கிறது. ஒரு கிலோ எத்தனாலில் ஏறக்குறைய 27 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தச் சின்னத் தீ 88 வாட் வருகிறது.

88 வாட் உள்ளே போகிறது, 0.04 வாட் வெளியே வருகிறது. இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் மிச்சமுள்ள 87.96 வாட் எந்தெந்த வழியில் நழுவிப் போகிறது என்று தேடிப் பிடிப்பதில் எனக்கு ஏற்பட்ட ருசி, எல்இடி எரிந்ததில்கூட ஏற்படவில்லை. அந்தத் தேடலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த எஞ்சினுக்குள் வெடிப்பு கிடையாது, வால்வு கிடையாது, நீராவி கிடையாது. அடைத்து வைத்த காற்று மட்டும்தான். அதே காற்று சூடான பக்கம் போய் விரிகிறது, குளிர்ந்த பக்கம் வந்து சுருங்குகிறது. குழாய்க்குள் உரசாமல் போய்வரும் ஒரு உருளை காற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளிவிடுகிறது. அதற்கு டிஸ்பிளேசர் என்று பெயர். அது சக்தி தருவதில்லை, காற்றை இடம் மாற்றும் எடுபிடி வேலை மட்டும் பார்க்கிறது. காற்று விரியும்போது சிரிஞ்சின் பிஸ்டன் வெளியே போகும். சுருங்கும்போது வெளிக்காற்றே அதை உள்ளே தள்ளிவிடும். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுற்றாக மாற்றும் கிராங்கில், டிஸ்பிளேசர் பிஸ்டனுக்குக் கால் சுற்று முன்னால் போக வேண்டும். இந்த 90 டிகிரி இல்லாவிட்டால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் சக்கரம் அசையாது.

இதைக் கண்டுபிடித்த ராபர்ட் ஸ்டர்லிங் ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1816இல் அவர் வாங்கிய காப்புரிமை முதன்மையாக எரிபொருளை மிச்சம் பிடிப்பது பற்றியது. எஞ்சின் அதன் ஒரு பயன்பாடாகத்தான் உள்ளே வருகிறது. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் போகும் காற்று, வழியில் இருக்கும் உலோகத்திடம் தன் சூட்டை விட்டுவிட்டுப் போகிறது. திரும்பி வரும்போது அதையே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டிய வெப்பம் அந்த அளவுக்குக் குறைகிறது. இன்று அதை ரீஜெனரேட்டர் என்கிறோம். 1818இல் அயர்ஷயர் பகுதியில் ஒரு கல்குவாரியில் தண்ணீர் இறைக்க அவருடைய எஞ்சின் ஓடியது. பிறகு அவருடைய தம்பி ஜேம்ஸின் முயற்சியில் டண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் 1843 முதல் பெரிய எஞ்சின் ஒன்று ஓடியது. ஆனால் சூட்டுப்பக்கத்து உலோகம் தாங்காமல் திரும்பத் திரும்பக் கெட்டுப்போனதால் 1847இல் அதை எடுத்துவிட்டார்கள். கணக்கில் அழகாக இருப்பதும் பட்டறையில் அடிவாங்குவதும் இந்த எஞ்சினுக்கு அன்றே ஆரம்பித்துவிட்டது.

என் எஞ்சினில் ரீஜெனரேட்டர் என்பது பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார். அதை உருட்டிக் கம்பியில் கட்டி டிஸ்பிளேசராகவே வைத்துவிட்டேன். காற்று அதைச் சுற்றியும் அதன் ஊடாகவும் போகிறது, போகிற வழியில் சூட்டை விட்டும் எடுத்தும் கொள்கிறது. நாரை அடர்த்தியாக உருட்டினால் காற்று போவதற்குத் திணறும், தளர்வாக உருட்டினால் சூடு தங்காது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதை எழுதிக் காட்ட முடியாது, கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

உடல் ஏன் கண்ணாடி என்று கேட்கலாம். கூல்டிரிங்ஸ் டின்னில் செய்கிறார்களே, அது இன்னும் சுலபம்தானே என்று. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும் உலோகம். ஒரு முனையில் தீ வைத்தால் சூடு சுவர் வழியாகவே நடந்து குளிர்பக்கம் போய்விடும். காற்றின் வழியாகப் போக வேண்டிய வெப்பம் சந்துவழியில் தப்பித்த மாதிரி. கண்ணாடி கடத்துவது அலுமினியத்தில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. போரோசிலிகேட் குழாய் என்றால் திடீர்ச் சூட்டிலும் விரிசல் விடாது. கண்ணாடி சிரிஞ்சைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அதன் பிஸ்டனும் உறையும் ஒன்றோடு ஒன்று அரைத்துப் பொருத்தியவை, அதனால் எண்ணெய் இல்லாமலே வழுக்கும். பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் முனை ஒரு சின்ன எஞ்சினின் முழுச் சக்தியையும் உராய்விலேயே தின்றுவிடும்.

சிரிஞ்ச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. செங்குத்தாகப் பிடித்து வாயைத் திறந்து வைத்தால் பிஸ்டன் தன் எடையிலேயே சட்டென்று கீழே விழ வேண்டும். வாயை விரலால் அடைத்தால் இறங்குவதே தெரியாத அளவுக்கு மெதுவாக இறங்க வேண்டும். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் போட்டால் இரண்டாவது சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கும், முதல் சோதனையில் தோற்றுவிடும். ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு அப்படியே ஓட்டுவதுதான் நல்லது.

டிஸ்பிளேசரின் கம்பி வெளியே வரும் இடத்தில் ஒரு பித்தளை புஷ், அதாவது கம்பி நுழைந்து ஓடும் சின்ன உறை, வேண்டும். கோவை கணபதியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் போனேன். காற்று கசியக்கூடாது, கம்பியும் உரசக்கூடாது என்றேன். அவர் கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டைட்டா வேணும்னா டைட்டா தரேன் தம்பி, லூசா வேணும்னா லூசா தரேன். ரெண்டும் இல்லாம வேணும்னா, லேப்பிங் பேஸ்ட் தரேனுங்க, நீங்களே உக்காந்து தேச்சுக்குங்க."

தேய்த்தேன். ஸ்டர்லிங் எஞ்சின் செய்வதில் பெரும்பகுதி இப்படித் தேய்ப்பதுதான். பால் பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து உள்ளே இருக்கும் கிரீசைக் கழுவி எடுப்பதும் அதில் சேர்த்தி. தூசி புகாமல் காக்கும் அந்த கிரீஸ் மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் நல்லது, ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்காகப் போராடுகிற எஞ்சினுக்கு எமன்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எல்லோருக்கும் வரும் ஆசை தீயைப் பெரிதாக்குவது. விளக்கின் திரியை இழுத்துவிட்டால் கொஞ்ச நேரம் வேகம் கூடும், அப்புறம் மெல்லக் குறையும். குளிர்பக்கமும் சூடாகிவிடுவதுதான் காரணம். வெப்ப எஞ்சின்களுக்கு உச்ச வரம்பு சொன்ன பிரெஞ்சுக்காரர் கார்னோவின் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கத்து வெப்ப வித்தியாசத்தை, சூட்டுப்பக்கத்து டிகிரியோடு 273 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். உள்ளே சூட்டுப்பக்கம் 300 டிகிரி, குளிர்பக்கம் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், எந்த எஞ்சினாலும் தாண்ட முடியாத உச்ச வரம்பு சுமார் 42 சதவீதம். சூட்டுப்பக்கத்தை 20 டிகிரி ஏற்றினால் அது 44-ஐத் தொடாமல் நிற்கும். அதற்குப் பதிலாகக் குளிர்பக்கத்தை 20 டிகிரி இறக்கினால் 45-ஐத் தாண்டும். ஒரே 20 டிகிரிதான், ஆனால் கீழே இறக்கினால் கிடைக்கும் பலன் ஏறக்குறைய இரட்டிப்பு. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய அலுமினிய ஹீட் சிங்க்கைக் குழாயின் குளிர்முனையில் மாட்டி, அதன்மேல் ஈரத்துணி போட்டபோது எஞ்சினின் சத்தமே மாறியது. விளக்கைத் தொடவே இல்லை.

இதனால்தான் டீ டம்ளர்மேல் ஓடும் எஞ்சின்களை வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்கிறேன். குறைந்த வெப்ப வித்தியாசத்தில் ஓடும் அந்த வகையை 1980களின் தொடக்கத்தில் ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தின் இவோ கோலின் செய்து காட்டினார். அமெரிக்காவில் ஜேம்ஸ் சென்ஃப்ட் அதை இன்னும் செம்மைப்படுத்தி, அரை டிகிரி வித்தியாசத்தில்கூட ஓட வைத்தார். உள்ளங்கைச் சூட்டில் ஓடும். பார்க்க மாயாஜாலம்தான். ஆனால் 85 டிகிரி டீக்கும் 30 டிகிரி அறைக்கும் நடுவில் கார்னோ வரம்பே 15 சதவீதம், அதில் உராய்வு போக மிஞ்சுவது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளத்தான் சரியாக இருக்கும். நம் ஊர் வெயிலில் அறையே 35 டிகிரி என்றால் அதுவும் போச்சு. டீயைக் குடித்துவிட்டு, அதே எஞ்சினை ஐஸ்கட்டிமேல் வைத்துப் பாருங்கள். மறுபக்கமாகச் சுற்றும்.

சரி, சக்கரம் சுற்றுகிறது. எவ்வளவு சக்தி வருகிறது என்று எப்படி அளப்பது? அச்சில் 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு சின்னக் கப்பி. அதன்மேல் ஒரு நூல். ஒரு முனையில் எடை, மறுமுனை எலக்ட்ரானிக் தராசில் கட்டியிருக்கும். கப்பி நூலை உரசி இழுக்க இழுக்க இரண்டு முனைக்கும் நடுவே ஒரு எடை வித்தியாசம் தெரியும். என் எஞ்சினில் நிமிடத்துக்கு 500 சுற்றில் 25 கிராம் வித்தியாசம் வந்தது. பெருக்கினால் 0.13 வாட். அடகுக்கடைத் தராசு கிடைத்தால் இன்னும் துல்லியமாக வரும், கேட்டுப் பார்க்கத் துணிவில்லை.

இந்த எண் கைக்கு வந்த பிறகுதான் இழப்பின் வரைபடம் தெளிவானது. 88 வாட்டில் பெரும்பகுதி குழாயைத் தொடாமலே மேலே போகும் சூடான காற்று. உள்ளே போனதில் ஒரு பகுதி சுவர் வழியாகவும் டிஸ்பிளேசரின் முன்பின் ஓட்டத்திலும் குளிர்பக்கம் போய்விடுகிறது. மிச்சத்திலும் பாதிக்கு மேல் கார்னோவுக்குக் கொடுத்தாக வேண்டும். உராய்வும் கசிவும் தங்கள் பங்கை எடுத்த பிறகு அச்சில் 0.13 வாட். அங்கிருந்து மின்சாரத்துக்கு வரும்போது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகிறது.

அந்தக் கடைசிப் படிதான் எனக்கு அதிகம் வேலை வைத்தது. பழைய டேப்ரிக்கார்டர் மோட்டாரைத் திருப்பிச் சுற்றினால் ஜெனரேட்டர் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் அந்த மோட்டார்கள் பலவற்றுக்குள் வேகத்தைச் சீராக வைக்கும் ஒரு குட்டி சர்க்யூட் இருக்கும். அதை எடுத்துவிட்டு காயிலிலிருந்து நேராக வயர் இழுக்காவிட்டால் ஒன்றும் வராது. பிரிண்டரில் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டார் குறைந்த வேகத்திலேயே நல்ல வோல்டேஜ் தரும், காற்றாலை செய்பவர்களுக்குச் செல்லப்பிள்ளை. கையால் சுற்றிப் பாருங்கள், கடக் கடக் என்று பல்லில் விழுவது போலத் தட்டும். அந்தத் தட்டலைத் தாண்டி இழுக்கும் வலு 0.13 வாட் எஞ்சினுக்கு இல்லை. சாதாரண டிசி மோட்டாரில் கார்பன் பிரஷ்ஷின் உராய்வே எஞ்சினை நிறுத்திவிடும்.

யூடியூபில் ஒரு வித்தை நடக்கும். எஞ்சினோடு மோட்டாரை இணைத்து, மல்டிமீட்டரில் 4 வோல்ட் என்று காட்டி, பாருங்கள் செல்போனே சார்ஜ் பண்ணலாம் என்பார்கள். மீட்டர் கரண்ட் எடுப்பதே இல்லை, அதனால் அது காட்டுவது வெறும் வாக்குறுதி. உண்மையான லோடு மாட்டினால் மோட்டாரின் உள்தடையில் பாதி விழும், எஞ்சினின் வேகமும் விழும், 4 வோல்ட் சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றரைக்கு வரும். 4 வோல்ட்டும் 50 ஓம் உள்தடையும் உள்ள ஜெனரேட்டரிலிருந்து, வேகம் குறையவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அதிகபட்சம் 80 மில்லிவாட்தான் கறக்க முடியும். வோல்ட்டை மட்டும் காட்டுகிற வீடியோ எதையும் நான் முழுசாகப் பார்ப்பதில்லை.

கடைசியில் மோட்டாரையே தூக்கிப்போட்டுவிட்டு, எஞ்சின் சுற்றும் சக்கரமான ஃப்ளைவீலையே ஜெனரேட்டர் ஆக்கினேன். ஹார்ட் டிஸ்க் தட்டின் விளிம்பில் எட்டு சின்ன நியோடிமியம் காந்தங்கள், வடக்கும் தெற்கும் மாறி மாறி. அதற்கு எதிரே, தொடாமல், இரும்பு உள்ளீடு இல்லாத காயில்கள். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் தலைமுடி மாதிரி மெல்லிய 38 கேஜ் எனாமல் வயர் வாங்கினேன். அவர்கள் அதை எடை போட்டு விற்கிறார்கள், நான் கேட்ட அளவு தராசில் காட்டவே இல்லை. இரும்பு இல்லாததால் அந்தக் கடக் கடக் தட்டல் இல்லை, பிரஷ் இல்லாததால் உராய்வும் இல்லை. வருவது ஏசி. அதை டிசியாக்க, கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள் நான்கைக் கோத்த பிரிட்ஜ் போட்டால், வழியில் வரும் இரண்டு டையோடுகளில் ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். எல்இடியே ஒரு டையோடுதானே? இரண்டு சிவப்பு எல்இடிகளை எதிரெதிராக மாட்டிவிட்டால் ஒரு அலையில் இது எரியும், மறு அலையில் அது எரியும். சிவப்பு 1.8 வோல்ட்டிலேயே விழித்துக்கொள்ளும், வெள்ளைக்கு 3 வோல்ட் பக்கம் வேண்டும்.

எல்இடியை மாட்டும் நொடியில் எஞ்சின் தொண்டை கட்டியது போலச் சத்தம் குறைந்து இறங்குகிறது. கழற்றினால் மறுபடி துள்ளுகிறது. வெளிச்சம் சும்மா வருவதில்லை என்பதைக் காதால் கேட்க முடிகிற இடம் இது. பெரிய ஜெனரேட்டரில் இதைக் கேட்க வாய்ப்பில்லை.

செல்போன் கேள்வி எப்படியும் வரும், அதையும் போட்டுவிடலாம். 4000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 15.4 வாட்-மணி இருக்கிறது. 40 மில்லிவாட்டில் அதை நிரப்ப, இழப்பே இல்லை என்றாலும், 385 மணி நேரம். இரவு பகலாக 16 நாள். ஸ்பிரிட் கிட்டத்தட்ட 6 லிட்டர்.

இதையே தொழிலாகச் செய்ய முயன்றவர்களும் இருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரண்ட் வராத ஊர்களுக்காக, அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரிய மேலே இறக்கை சுற்றும் சூடான காற்று விசிறிகள் விற்றன. அப்புறம் 1930களில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் கம்பெனிக்கு ஒரு கவலை வந்தது. ரேடியோ விற்க வேண்டும், ஆனால் உலகின் பாதி ஊர்களில் கரண்ட் இல்லை. வால்வு ரேடியோ கரண்ட்டை நன்றாகவே தின்னும். சத்தமில்லாமல், எந்த எண்ணெயை ஊற்றினாலும் ஓடும் ஒரு சின்ன ஜெனரேட்டர் இருந்தால்? அவர்கள் தூசி தட்டி எடுத்தது ஸ்டர்லிங் எஞ்சினை. சுமார் 200 வாட் தரும் ஜெனரேட்டர் 1951வாக்கில் உற்பத்திக்கு வந்தது. 150 செட் அளவுக்குச் செய்ததும் நிறுத்திவிட்டார்கள். விலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டிரான்சிஸ்டர் வந்து ரேடியோவை டார்ச் பேட்டரியில் பாட வைத்துவிட்டது. அதே எஞ்சினை மோட்டாரால் திருப்பி ஓட்டினால் ஒரு முனை குளிரும். பிலிப்ஸ் அந்த வழியில் போய், காற்றையே திரவமாக்கும் இயந்திரங்களைச் செய்து விற்றது.

எனக்கு இதில் வேடிக்கையாகத் தெரிவது ஒன்று. எஞ்சினைத் தோற்கடித்த அதே குறைமின் எலக்ட்ரானிக்ஸ்தான் என் மேசை எஞ்சினுக்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறது. 1951இல் 40 மில்லிவாட்டை வைத்துப் பெரிதாக எதையும் செய்திருக்க முடியாது. இன்று அதில் எல்இடி எரிகிறது, வெப்பமானி ஓடுகிறது, சென்சார் ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து ரேடியோவில் ஒரு எண்ணை அனுப்புகிறது. எஞ்சின் அப்படியேதான் இருக்கிறது, தேவைதான் சுருங்கி அதன் அளவுக்கு வந்துவிட்டது.

அதற்காக இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மொட்டைமாடியில் ஒரு 5 வாட் சோலார் பேனல் வெயில் நாளில் 20 வாட்-மணி தரும். என் எஞ்சின் நாள் முழுக்க ஓடினால் ஒரு வாட்-மணி. சூட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் சூட்டை நேரடியாக மின்சாரமாக்கும் தெர்மோஎலக்ட்ரிக் மாட்யூல் ஒன்றை வாங்கி ஒட்டினால் போதும், அசையும் பாகமே இல்லாமல் இதைவிட அதிகம் தரும். ஸ்டர்லிங்குக்கு நியாயம் இருப்பது எரிபொருளுக்கு வேறு வேலை ஏற்கெனவே இருக்கும் இடத்தில் மட்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் இன்னும் செம்பு பாய்லர் இருக்கிறது. நடுக்குழாயில் கொட்டாங்குச்சி எரியும், சுற்றிலும் குளிக்கத் தண்ணீர். தீயும் குளிர்ந்த தண்ணீரும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும் வேறு பொருள் வீட்டில் கிடையாது. குழாயின் மேல்வாயில் சோதனைக்குழாயைப் படுக்க வைத்து, பாய்லருக்கு ஊற்றும் தண்ணீரைக் குளிர்பக்கத்தின் வழியாகச் சொட்டவிட்டுப் பார்த்தேன். ஸ்பிரிட் விளக்கைவிட வேகம் குறைவு, கரி படிந்து கண்ணாடி கறுத்துவிடுகிறது, கொட்டாங்குச்சி சரிந்து விழும்போது எல்இடி மினுக்குகிறது. ஆனால் செலவுக் கணக்கில் பூஜ்யம். போகும் சூடு எப்படியும் போகத்தான் போகிறது.

இதற்கு மேல் சக்தி வேண்டுமென்றால் முக்கியமான வழி அழுத்தம். ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் பீல் ஒரு எளிய சூத்திரம் சொன்னார். அழுத்தம், பிஸ்டன் நகர்த்தும் கொள்ளளவு, வினாடிக்குச் சுற்று, மூன்றையும் (அழுத்தம் பாஸ்கலில், கொள்ளளவு கன மீட்டரில்) பெருக்கி 0.15 ஆல் மறுபடி பெருக்கினால் ஒரு நல்ல எஞ்சினின் திறன் வந்துவிடும். என் எஞ்சினுக்கு 3 சிசி, வினாடிக்கு 8 சுற்று, வளிமண்டல அழுத்தம் என்று போட்டால் 0.36 வாட். கையால் தேய்த்ததற்கு 0.13 வருவது பரவாயில்லை. ஆனால் அழுத்தத்தை ஐந்து மடங்காக்கினால் திறனும் ஐந்து மடங்கு. 1980களில் உமியை எரித்து ஓடும் 5 குதிரைத்திறன் ஸ்டர்லிங் எஞ்சினை வங்காளதேசத்தில் உருவாக்கிப் பார்த்தபோதும் அழுத்தமூட்டிய காற்றைத்தான் நம்பினார்கள். அதன் வழிவந்த எஞ்சின் பிறகு மெட்ராஸிலேயே தயாரானது.

அழுத்தம் என்றதும் கண்ணாடி போய்விடும், வெடித்தால் முகத்தில்தான். பிவிசி குழாயும் கூடாது. ஸ்டீல் குழாய், ஸ்டீல் மூடி, காற்று அடிக்க ஒரு சைக்கிள் ட்யூப் வால்வு. அழுத்தத்துக்குள்ளிருந்து சுற்றும் அச்சை வெளியே எடுத்தால் அங்கே கசியும், கசியாமல் இறுக்கினால் உரசும். அதனால் காந்தச் சக்கரத்தையும் காயில்களையும் சேர்த்தே பெட்டிக்குள் பூட்டிவிட்டு இரண்டு வயரை மட்டும் வெளியே கொண்டுவர வேண்டும். லேத் பட்டறை அண்ணன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, முதலில் உள்ளே தண்ணீர் நிரப்பி பிரஷர் டெஸ்ட், அப்புறம்தான் காற்று என்று கறாராகச் சொல்லிவிட்டார். தண்ணீர் அடிக்கும் கைப்பம்புக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.